மணிக்கூண்டில் விட்ட செருப்பு

நீ ஜன்னலோரமாவே உக்காந்துக்கோம்மா. அது எங்க வீட்டுக்காரர் சீட்டுதான், ஆனா அவர் வரமாட்டார். அதோ, அந்தக் கோடியில கதவுக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டிருக்கார் பாரு, அவர்தான். அங்க காலியா இருக்கு, காலை நீட்டிக்கிறேன்னு போயிட்டார். காலையில ரொம்ப நடந்துட்டார். முட்டி வலிக்கும். வேற ஒண்ணும் இல்ல.

நீ எங்க இறங்கற? திருச்சியா. நாங்க தஞ்சாவூர். வேலை பாக்குறியா? ஹாஸ்டல்லயா இருக்க? ரூம்ல கூட யாராவது இருக்காங்களா? அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கூடத் தங்கியிருக்கிறவகிட்ட மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிடாத. இன்னிக்கு நல்லாத்தான் இருப்பா. நாப்பது வருஷம் கழிச்சு நாலு பேர் முன்னாடி மைக்கு போட்டுச் சொல்லுவா. நான் சும்மா சொல்லல. இன்னிக்குக் காலையிலதான் எனக்கு நடந்துச்சு.

இந்தா, சீடை எடுத்துக்கோ. வீட்ல பண்ணினது. அவளுக்குன்னு பண்ணி எடுத்துட்டு வந்தேன். குடுக்க மனசு வரல, திரும்ப எடுத்துட்டுப் போறேன்.

என் பேரு நீலாயதாட்சி. நாகப்பட்டினத்துல பொறந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இதான் பேரு, அம்பாள் பேரு. நீலான்னு கூப்பிடுவாங்க. எம்.ஏ. சரித்திரம் படிச்சவ நான். எண்பத்திரண்டுல முடிச்சேன், கோல்டு மெடல். பெருமைக்குச் சொல்லல. அந்த மெடல் இப்பவும் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. யார் வந்தாலும் இவர்தான் எடுத்துக் காட்டுவார். "எங்க வீட்ல மூளை யாருக்குன்னு பாத்துக்கோங்க"ம்பார். இவர் ஈ.பி.ல என்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன். நல்ல மனுஷங்களோட ஒரு தொல்லை என்னன்னா, அவங்க எல்லாத்தையும் உண்மைன்னு நம்பிடுவாங்க.

படிக்கும்போது என் ரூம்ல இருந்தவ ஹெப்சிபா. நாசரேத்துப் பொண்ணு, அவங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முதல் நாள் டிரங்குப் பெட்டியோட வந்து நிக்கிறா. பேரு என்னன்னு கேட்டா "ஹெ... ஹெ..."ன்னு அப்படியே நின்னுட்டா. திக்குவாய். பாவமா இருந்துச்சு. நான்தான் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் சத்தமா வாசிக்க வச்சேன். ரெண்டு வருஷம் வாசிக்க வச்சேன். இன்னிக்கு அவ மைக்குல அருவி மாதிரிப் பேசுறான்னா அதுக்கு யாரு காரணம்? அவ அதை எங்கயாவது சொல்றாளா பாரு.

அவளும் அவங்க அப்பா மாதிரி வாத்தியாராத்தான் இருந்தா, ஏதோ ஒரு சின்ன காலேஜ்ல. ரிட்டயர் ஆனப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில ஆளுங்களை யுனிவர்சிட்டிக்குள்ள கூட்டிட்டு நடக்க ஆரம்பிச்சிருக்கா. ஹெரிடேஜ் வாக். இந்த வளைவு யாரு கட்டினது, இந்தக் கண்ணாடி எந்த ஊர்லேருந்து கப்பல்ல வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே போவா. பேப்பர்ல எல்லாம் போட்டிருந்தாங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. "ஏட்டி, ஒரு தடவ வந்து பாரு, நம்ம இடம்தானே"ம்பா. ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவை இவர் ஒரே பிடியா நின்னார். "நீ படிச்ச இடத்தை எனக்கு ஒரு தடவைகூடக் காட்டினதில்லையே"ன்னார். சரின்னு கிளம்பினோம்.

அவ எனக்கு எவ்வளவு நெருக்கம்னு உனக்குத் தெரியணும். அவ வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார்னு ஊரெல்லாம் சொல்லுவா. இருக்கார்தான். ஆனா அங்கயே வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துறார், ரெண்டு பிள்ளைங்க. இதை அவ என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. கூடப்பிறந்தவங்களுக்குக்கூடத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையை அவளே வாங்கிக்கிட்டு, அவர் அனுப்பினதுன்னு சர்ச்சுக்குக் கட்டிட்டுப் போவா. நான் யாருக்காவது சொல்லியிருப்பேனா? எங்க நாத்தனார் ஒருத்திக்குத் தெரியும், அவ நம்ம வீட்டு மனுஷி. மத்தபடி மூச்சு விட்டதில்ல. நீயும் யார்கிட்டயும் சொல்லிடாத. ஒரு ரகசியத்தைக் காப்பாத்துறதுன்னா அப்படிக் காப்பாத்தணும்.

காலையில மெயின் கேட்டுக்குப் போனோம். இருபது பேர் இருப்பாங்க. கம்ப்யூட்டர் கம்பெனிப் பசங்க, கேமராவோட ஒரு பெரியவர், அப்புறம் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு, எல்லாத்துக்கும் "வாவ், வாவ்"னு சொல்லிக்கிட்டு. நடுவுல ஹெப்சி. கைத்தறிச் சேலை, தலையில வெயிலுக்குத் தொப்பி, இடுப்புல சின்ன ஸ்பீக்கர். என்னைப் பாத்ததும் ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. "வந்துட்டியாட்டி"ன்னா. அவ்வளவுதான். அப்புறம் மைக்கைப் போட்டதும் வேற ஆளாயிட்டா. நாசரேத்துப் பேச்செல்லாம் எங்கயோ போயிடுச்சு, புஸ்தகத் தமிழ்.

நல்லாத்தான் காட்டினா, அதைச் சொல்லணும். செனட் ஹால்ல வெயில் விழுந்து தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக் கிடந்துச்சு. பழைய ஜெனரேட்டர் ரூம்னு ஒண்ணு, நான் படிக்கும்போது அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இவர் அங்கயே நின்னுட்டார். அந்தக் காலத்து இரும்புச் சக்கரத்தைத் தடவித் தடவிப் பாக்குறார். ஹெப்சி அவருக்காக எல்லாரையும் நிறுத்திவச்சு, அது எப்படி ஓடும்னு அவரையே சொல்லச் சொன்னா. கல்யாணமானதுலேருந்து அவர் முகத்தை அப்படிப் பாத்ததில்ல. நானும் நினைச்சேன், இத்தனை நாள் வராம இருந்துட்டோமேன்னு.

அப்புறம்தான் மணிக்கூண்டு.

செனட் ஹாலுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன மரக்கதவு. அதுக்கு மேல உயரமாக் கூண்டு. கதவுல பெரிய பூட்டு. ஹெப்சி அந்தக் கதவுல முதுகைச் சாய்ச்சு நின்னுக்கிட்டு, "இந்தக் கதவு எண்பத்திரண்டாம் ஆண்டிலிருந்து பூட்டியே இருக்கிறது. ஏன் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா.

இரு. என்ன நடந்துச்சுன்னு உனக்குச் சொன்னாத்தான் புரியும். இதை நான் யாருக்கும் சொன்னதில்ல. இவருக்கும் தெரியாது. நீ யாரோ, நான் யாரோ, திருச்சியில இறங்கிப் போயிடுவ.

தயாளன்னு ஒருத்தர், விலங்கியல் படிச்சார். தர்மபுரிக்காரர். கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிற ஆளு அவருக்குப் பழக்கம். அதனால கூண்டுக் கதவுச் சாவி அவர் கைக்கு வரும். பட்டமளிப்பு விழா ஒத்திகை நடந்த அன்னிக்கு, மத்தியானம், எல்லாரும் செனட் ஹால்ல இருந்தாங்க. நானும் அவரும் மேல போனோம். ஹெப்சியைக் கீழே கதவுகிட்ட ஒரு புஸ்தகத்தைக் குடுத்து உக்கார வச்சேன். யாராவது வந்தா இருமச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. பயந்தாங்கொள்ளி. நான்தான் "எனக்காக இதுகூடச் செய்யமாட்டியா"ன்னு கேட்டேன்.

மேல இரும்புப் படி, வளைஞ்சு வளைஞ்சு போகும். காலடி வச்சா டங்கு டங்குன்னு கேக்கும். அதனால பாதியில செருப்பைக் கழட்டி வச்சுட்டேன். புதுச் செருப்பு, சிவப்பு வார். மேல போனா முழுக்கப் புறா. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, படிப்பு முடிஞ்சதும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமான்னு கேட்டார். நான் சரின்னேன். அவ்வளவுதான். சரி, அவ்வளவுதான்னு வச்சுக்கோயேன்.

கீழே மைதானத்துலேருந்து வார்டன் அம்மா மேல பாத்திருக்கா. கூண்டு ஜன்னல்ல ஒரு முந்தானை தெரிஞ்சிருக்கு. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கிட்டு வந்துட்டா. ஹெப்சி இருமினா. நாங்க செனட் ஹால் கூரை வழியா ஓடி, பின்பக்கப் படியில இறங்கிட்டோம். வெறுங்காலோட ஹாஸ்டலுக்கு ஓடினேன். வெயில்ல கால் கொப்பளிச்சுப் போச்சு, அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கு.

ஹெப்சியும் ஓடியிருக்கலாம். அவளுக்கு நேரம் இருந்துச்சு. அந்தப் பைத்தியம் என்ன பண்ணுச்சு தெரியுமா? என் செருப்பு அங்கயே கிடக்குமேன்னு மேல ஏறியிருக்கு. காலுல அவ செருப்பு, கையில என் செருப்பு. அப்படியே மாட்டிக்கிட்டா. இது யாருதுன்னு கேட்டிருக்காங்க. என்னோடதுன்னு சொல்லியிருக்கா. ரெண்டு ஜோடியும் உன்னோடதான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னு சொல்லியிருக்கா. பையன் யாருன்னு கேட்டிருக்காங்க. வாயையே திறக்கல.

அவளை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ஹாஸ்டலை விட்டு அன்னிக்கே போகச் சொல்லிட்டாங்க. அவங்க அப்பா நாசரேத்துலேருந்து வந்து கூட்டிட்டுப் போனார். நான் அன்னிக்கு ரூம்ல இல்ல, லைப்ரரியில இருந்தேன். பரீட்சை நேரம். எங்க அப்பாவும் இருதய நோயாளி, தெரிஞ்சா என்ன ஆகியிருக்கும் சொல்லு. அவளும் அப்புறம் வந்து எழுதினா, அடுத்த வருஷம். பாஸ் பண்ணிட்டாளே. பெரிசா ஒண்ணும் கெட்டுப்போயிடல.

தயாளனா? எனக்கு அந்த வைகாசியிலயே இவரோட நிச்சயம் ஆயிடுச்சு. தயாளன் ஹெப்சி வீட்டுக்கே தேடிப் போயிருக்கார், நான் எங்கன்னு கேட்டு. சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். அவ சொல்லல. அந்த ஒரு விஷயத்துல நல்லவதான்.

யார்கிட்டயும் இதைச் சொல்லமாட்டேன்னு பைபிள் மேல கையை வச்சு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தா. அதை நினைச்சுக்கோ. அப்புறம் இன்னிக்குக் காலையில நடந்ததைக் கேளு.

கதவுல சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்றா. பேர் சொல்லல. "ஒரு பெண், அழகான பெண், அவள் தோழியைக் காவலுக்கு வைத்துவிட்டு மேலே போனாள்." புறா, படி, இருமல், ஒண்ணையும் விடல. "மேலே என்ன பேசினார்கள் என்று புறாக்களுக்குத்தான் தெரியும்"னு நிறுத்துறா. கூட்டம் சிரிக்குது. அப்புறம் செருப்புக் கதை. வார்டன் அம்மா மாதிரியே பேசிக் காட்டுறா. "ஒரு பெண்ணுக்கு எதற்கம்மா இரண்டு ஜோடி?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இவரும் சிரிக்கிறார். எனக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறார். கடைசியில சொல்றா, "செருப்பு என்னுடையது என்று சொன்ன அந்த முட்டாள் பெண் நான்தான்." அப்புறம் கை தட்டினாங்க. எதுக்குக் கைதட்டுன்னு எனக்குப் புரியல.

பச்சைச் சுடிதார் விடல. "மேடம், அந்த இன்னொரு பொண்ணு வந்து சொல்லலையா, செருப்பு என்னோடதுன்னு?"

ஹெப்சி ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல. "அவளுக்கு அப்போது பரீட்சை"ன்னா. அதுக்கும் ஒரு சிரிப்பு.

"இப்ப எங்க இருக்காங்க?"

"நன்றாக இருக்கிறாள். நல்ல குடும்பம்."

"உங்க படிப்பு?"

"ஒரு வருடம் போனது. அந்த வருடம் தங்கப் பதக்கம் எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறொருவருக்குப் போனது. சரி, வாருங்கள், தேநீர் குடிக்கலாம்."

அப்ப இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். சிரிப்பு நின்னு போயிருந்துச்சு. மெடல் நம்ம வீட்ல இருக்கேன்னு பெருமையா இருந்திருக்கும். நான் குனிஞ்சு சேலை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டேன்.

கேன்டீன்ல இவர் பஜ்ஜி வாங்க வரிசையில நின்னார். நான் ஹெப்சியை ஒரு ஓர மேஜைக்கு இழுத்துட்டுப் போனேன். "என்னடி பண்ணியிருக்க? என் வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு"ன்னு கேட்டேன்.

அவ அமைதியா டீயை ஆத்திக்கிட்டு, "ஏட்டி, நான் ஒம்பேரச் சொன்னனா?"ன்னா.

"பைபிள் மேல சத்தியம் பண்ணின."

"பேரச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேன். இன்னி வரைக்கும் சொல்லல."

"அது என் கதை. அதை ஊருக்குச் சொல்ல உனக்கு என்ன உரிமை?"

அப்பதான் நிமிர்ந்து பாத்தா. "ஒன் கதையா? நீ எறங்கி ஓடிட்டயேட்டி. அதுக்கப்புறம் நடந்ததுல நீ எங்க இருந்த? ரிஜிஸ்டிரார் ரூம்ல எங்க அப்பா குடையப் பிடிச்சிட்டு நின்னாவ. உக்காரச் சொல்லல. எனக்கு வாய் தெறக்கல, திக்குது. அங்க இருந்தவியல்லாம் சிரிக்காவ. ஊர் போய்ச் சேருத வரைக்கும் அப்பா ஒரு வார்த்த பேசல. அப்புறமும் ரொம்ப நாள் பேசல. இது என் கதையாட்டி, ஒன் கதையா?"

நான் அவளைச் சொல்லச் சொன்னேனா? செருப்பு என்னோடதுன்னு சொல்லுன்னு நான் கேட்டேனா? இதைத்தான் அவகிட்டயும் கேட்டேன். அவ டம்ளரைக் கீழ வச்சுட்டு, "நீ என்னைக்காவது வந்து அந்தக் கதவு முன்ன நின்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன்"னா.

"என்ன வார்த்தை?"

என் முகத்தையே பாத்தா. அப்புறம் லேசா சிரிச்சுட்டு, "டீ ஆறுது, குடி"ன்னா.

என்ன வார்த்தைன்னு சொல்லவே இல்ல. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

அந்த நேரம் பார்த்து பச்சைச் சுடிதார் டம்ளரோட வந்து உக்காந்துடுச்சு. "மேடம், நீங்க செம. உங்க ஹஸ்பண்ட் குடுத்து வச்சவர்"னு ஆரம்பிச்சுது. ஹெப்சி வழக்கம்போல, "அவங்க மஸ்கட்ல இருக்காங்க"ன்னு சொன்னா. எனக்கு உள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் கதையை ஊருக்குச் சொல்லிட்டு, தன் கதையை மட்டும் எப்படிப் பட்டுத்துணி போட்டு மூடிக்கிறா பாரு. வாய் தவறி வந்துடுச்சும்மா. "இருக்கார், அங்கயே வேற பொண்டாட்டி பிள்ளைங்களோட"ன்னு சொல்லிட்டேன்.

நான் சத்தமாக்கூடச் சொல்லல. ஆனா மேஜை சின்னது. பக்கத்து மேஜையில இருந்த கம்பெனிப் பசங்களும் திரும்பிப் பாத்தாங்க. நிமிர்ந்தா, இவர் பஜ்ஜித் தட்டோட நிக்கிறார். அவருக்கும் கேட்டிருக்கும்.

ஹெப்சிக்கு முகம் சுண்டிப் போச்சு. மெதுவா எழுந்து தொப்பியை எடுத்து வச்சுக்கிட்டா. மைக்கைப் போட்டுக்கிட்டு, "வா... வா... வாங்க, அ... அடுத்தது..."ன்னு நிக்கிறா. லைப்ரரிங்கிற வார்த்தை வரவே இல்ல. கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினா.

எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. கல் நெஞ்சுக்காரி இல்ல நான். ஆனா யாரு ஆரம்பிச்சதுன்னு யோசிச்சுப் பாரு.

லைப்ரரியில அவ பேசினது ரொம்பக் கொஞ்சம். தேக்கு அலமாரி, மரத்துல சுத்துப்படி, எவ்வளவோ சொல்ல இருந்துச்சு. ரெண்டு வார்த்தை பேசுவா, மூணாவதுல நின்னுடுவா. யாரும் சிரிக்கல, அதைச் சொல்லணும். காத்துக்கிட்டு நின்னாங்க. இவர் முன்னாடி போய் அவ தோளுல இருந்த பையை வாங்கிக்கிட்டார். ஸ்பீக்கரை நான் வச்சுக்கறேன்மா, நீங்க சும்மா நடங்கன்னார். கேட் வரைக்கும் அவகூடத்தான் நடந்தார். நான் பின்னாடி தனியா வந்தேன். அந்த வெயில்ல. கேட்டுல அவளுக்கு ரெண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார் பாரு, கோயில்ல கும்பிடுற மாதிரி. எனக்கு அது அதிகமாப் பட்டுச்சு.

ஆட்டோவுல ரோட்டைப் பாத்துக்கிட்டே வந்தார். அப்புறம் கேட்டார், "அந்த இன்னொரு பொண்ணு யாரு நீலா? நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தீங்களே, உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

நான் என்ன சொல்ல? "அது தமிழ் டிபார்ட்மென்ட் பொண்ணு. எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்ல. செத்துப் போயிட்டா"ன்னேன். எப்படி வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியல.

"அடடா"ன்னார். கொஞ்ச தூரம் போனப்புறம், "நல்லா இருக்கான்னு அவங்க சொன்னாங்களே"ன்னார்.

"ஹெப்சிக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவா. அதனால நான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

"எப்ப செத்தாங்க?"

"ரொம்ப நாளாச்சு."

"ஓ"ன்னார். அதோட சரி. ஸ்டேஷன்ல சாப்பாடு வாங்கிக் குடுத்தார். தான் சாப்பிடல. பசியில்லன்னார். ரயில் கிளம்பினதும் காலை நீட்டிக்கிறேன்னு அங்க போய் உக்காந்துட்டார். வயசாச்சுல்ல, இவ்வளவு தூரம் நடக்க வச்சிருக்கக் கூடாது. அதுக்கும் ஹெப்சிதான் காரணம்.

எனக்கு அடங்கவே மாட்டேங்குதும்மா. ஒரே பாயில படுத்திருக்கோம். ஒரே சோப்பைத் தேய்ச்சுக் குளிச்சிருக்கோம். எனக்கு மூத்தவன் பிறந்தப்ப அவதான் மொதல்ல வந்து பாத்தா, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து. அப்படி இருந்தவளுக்கு என்னை நாலு பேர் சிரிக்கிறதுக்குக் குடுக்க எப்படி மனசு வந்துச்சு? அவ விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருந்ததே அதுக்குத்தானோன்னு தோணுது. இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. சிரிச்ச முகத்தோட ஒருத்தி அப்படிக் காத்துக்கிட்டு இருக்க முடியும்னு நினைச்சா உடம்பு கூசுது. இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. போன்ல அவ நம்பரை அழிச்சுடலாம்னு எடுத்தேன். கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல. நீ அழிச்சுத் தர்றியா? இரு, இப்ப வேண்டாம். அப்புறம் பாக்கலாம்.

எழுந்துட்டார் பாரு. இங்கதான் வர்றார். நீ ஏந்திரிக்காத, உக்காரு. இத்தனை நேரம் என்ன பேச்சுன்னு கேட்டா, மோர்க்குழம்பு எப்படி வைக்கிறதுன்னு நான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லு. சொல்லுவதானே? நல்ல பொண்ணு.

வாங்க. முட்டி எப்படி இருக்கு? சும்மா இந்தப் பொண்ணுகிட்டச் சமையல் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். திருச்சியில இறங்குதாம். ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? போன்ல யாரு?

ஹெப்சியா? நீங்க எதுக்கு அவளுக்குப் பண்ணினீங்க?

வீடு போய்ச் சேந்தாளான்னு கேக்கவா. சரி. வேற என்ன கேட்டீங்க?

சொல்லாதீங்கன்னு சொன்னேனே. அந்தப் பொண்ணு செத்துப் போயிட்டாளான்னு அவகிட்டயே கேட்டீங்களா? அதுக்கு என்ன சொன்னா?

ஆமான்னு சொன்னாளா.

ஆமான்னா சொன்னா? வேற ஒண்ணும் சொல்லலையா?

லைன்ல இருக்காளா இப்ப? எனக்கு எதுக்கு? நான் என்ன பேச... சரி, குடுங்க. குடுங்கன்றேன்ல.

ஹலோ. ஹெப்சி. நான்தான்டி.

ம்.

சாப்பிட்டியா?